மூடாத புகார்

என் தம்பிய எங்க தெருவுல யாரும் பேர் சொல்லிக் கூப்பிடறதில்ல. "வருந்துகிறோம்"னுதான் சொல்லுவாங்க. "இந்தா, வருந்துகிறோம் வராரு பாரு", "வருந்துகிறோம்கிட்ட சொல்லிப் பார்த்தீங்களா?" இப்படி. அவன் வேலை பார்க்கறது ஒரு செல்போன் கம்பெனியோட புகார்ப் பிரிவுல. சிக்னல் இல்ல, பேசிட்டு இருக்கும்போதே கட் ஆகுது, நெட் சுத்திக்கிட்டே இருக்குன்னு ஜனங்க கூப்பிடுவாங்க. இவன் காதுல ஹெட்போன மாட்டிக்கிட்டு, "ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம்"னு ஆரம்பிப்பான். காலையில ஆரம்பிச்சா சாயங்காலம் வரைக்கும் அதே பாட்டுதான்.

வேலை பார்த்துப் பார்த்து உடம்புலயே ஊறிப்போச்சு. பஸ்ல யாராவது இவன் கால மிதிச்சா இவன் சாரி சொல்லுவான். கதவுல இடிச்சுக்கிட்டா கதவுகிட்ட சாரி. நான் டிரைவிங் ஸ்கூல்ல கார் ஓட்டச் சொல்லிக் குடுக்கறவ. இந்த ஊர்ல பாதிப் பேர் என்கிட்ட திட்டு வாங்கிட்டுத்தான் லைசென்ஸ் வாங்கினாங்க. ஆனா கூடப் பிறந்தவனுக்கு மட்டும் என்னால சொல்லிக் குடுக்க முடியல. எதிர்ல வர்ற லாரிக்கெல்லாம் கையத் தூக்கி சாரி சொல்றவனுக்கு என்னத்தச் சொல்லிக் குடுக்க? "டேய், ரெண்டு கையும் ஸ்டியரிங்ல இருக்கட்டும்டா!"ன்னு கத்திக் கத்தி என் தொண்டைத் தண்ணி வத்தினதுதான் மிச்சம். ஒருநாள் வண்டிய ஓரமா நிறுத்திட்டு, "அக்கா, நான் பஸ்லயே போய்க்கறேன்"னு இறங்கிட்டான்.

வேடிக்கை என்னன்னா, என்கிட்ட மட்டும் அவன் சாரி சொன்னதே கிடையாது. கப்ப உடைச்சா, "உடைஞ்சிடுச்சுக்கா"ம்பான். ஏதோ கப்பு தானா நடந்து போய் விழுந்த மாதிரி. அக்காதானே, அதுக்கெல்லாம் எதுக்கு மன்னிப்புன்னு நானும் விட்டுடுவேன்.

வீட்டுல நாங்க ரெண்டே பேர்தான். எனக்குக் கல்யாணம்னு ஒண்ணு நடந்து, ஒத்துவராம, போன சூட்கேஸோட திரும்பி வந்தாச்சு. அவனுக்கு இன்னும் அமையல. அமைஞ்சா அந்தப் பொண்ணுகிட்டயும் முதல் வார்த்தை சாரியாத்தான் இருக்கும்.

எங்க தெரு ஒரு சரிவுக்குக் கீழ இருக்கு. மேல மெயின் ரோடு, பஸ் ஸ்டாப். கீழ ஒரு பக்கம் பெரிய தண்ணித் தொட்டி, இன்னொரு பக்கம் வானத்த மறைச்சுக்கிட்டு ஒரு கோடவுன். நடுவுல நாங்க. சிக்னல் எங்கள எட்டிப் பார்க்காம தலைக்கு மேலயே போயிடும். எந்தக் கம்பெனி சிம் போட்டாலும் இதே கதிதான், தம்பி கம்பெனியாவது பரவாயில்ல. எங்க வீட்டுல ஒரே ஒரு இடத்துல ஒரு கோடு எடுக்கும். ஃப்ரிட்ஜ் மேல, உப்பு ஜாடியில சாய்ச்சு நிறுத்தினா. அதுவும் ஃப்ரிட்ஜ் கதவத் திறந்தா போச்சு. யாராவது போன் பேசிட்டு இருக்கும்போது பால் எடுக்கப் போனா வீட்டுல சண்டைதான்.

தெருமுனையில மருந்துக்கடை வச்சிருக்கறவருக்கு என் தம்பியக் கண்டாலே பத்திக்கிட்டு வரும். மருந்துக்கு ஆர்டர் சொல்ல ஒவ்வொரு தடவையும் சரிவு ஏறி பஸ் ஸ்டாப்புக்குப் போகணும் அவரு. "என்னப்பா வருந்துகிறோம், எப்பதான் வருந்தறத விட்டுட்டு வேலையப் பார்ப்பீங்க?" இவனும் சளைக்காம, "புகார் பதிவு பண்ணியிருக்கு சார். வரிசைப்படி வரும் சார்"ம்பான். அவனுக்கு அந்த வரிசை மேல அப்படி ஒரு நம்பிக்கை. எங்க வீட்டுக்கான புகாரைக்கூட உள்ளுக்குள்ள யாரையும் பிடிக்காம, எல்லாரும் கூப்பிடற நம்பருக்கு என் போன்லேர்ந்து கூப்பிட்டுத்தான் பதிவு பண்ணினான். "நாமளே வரிசைய மீறினா எப்படிக்கா?"

இதெல்லாம் சிரிச்சுட்டுப் போற சமாச்சாரமாத்தான் இருந்துச்சு, என் கண்ணுக்கு வர்ற வரைக்கும்.

ஒரு கண்ணு எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே கொஞ்சம் மங்கல். நல்லா இருந்த கண்ணுலதான் ஒரு புண்ணு வந்துச்சு. புண்ணு ஆறிடுச்சு, ஆனா கருவிழி மேல வெள்ளையா ஒரு தழும்ப விட்டுட்டுப் போச்சு. துடைக்காத கண்ணாடி வழியா ரோட்டப் பார்க்கற மாதிரி இருந்துச்சு. துடைக்கலாம்னா கண்ணாடி வெளியவா இருக்கு? டிரைவிங் ஸ்கூல் முதலாளி நல்ல மனுஷன். "உங்க சீட்டுல வேற யாரையும் உக்கார வைக்கமாட்டேன். கண்ணு சரியாகட்டும், வாங்க"ன்னாரு. அந்த சீட்டுக்குக் கீழ எனக்குன்னு தனியா ஒரு பிரேக் இருக்கு. அடுத்தவன் ஓட்டற வண்டிய நிறுத்தற அந்தக் கால்தான் எனக்குச் சோறு போட்டது. பேசாம வீட்டுல உக்காருன்னா நான் செத்தே போயிடுவேன்.

ஆஸ்பத்திரியில சொன்னாங்க: யாராவது கண் தானம் குடுத்து, எனக்கு முறை வரும்போது போன் பண்ணுவோம், உடனே கிளம்பி வந்துடணும். அந்த நர்ஸம்மா ரொம்பத் தன்மையா ஒண்ணு சொன்னாங்க. "வந்த கருவிழிய ரொம்ப நேரம் வச்சிருக்க முடியாதும்மா. நீங்க போன எடுக்கலைன்னா அடுத்தவங்களக் கூப்பிட்டுருவோம். தப்பா எடுத்துக்காதீங்க."

என் நம்பரக் குடுத்தேன். ரெண்டாவதா தம்பி நம்பர். ஆனா தம்பி ஆபீஸ்ல என்ன வழக்கம்னா, உள்ள நுழையும்போதே சொந்த போன அணைச்சு ஒரு பெட்டியில போட்டுப் பூட்டிடணும். வாடிக்கையாளர் விவரம் வெளிய போயிடக்கூடாதாம். நாள் முழுக்க போன்ல பேசறவன்கிட்ட போன் கிடையாது! சரி, ஆபீஸ் நம்பரையே குடுக்கலாம்னா, அதுல ஒன்றை அழுத்தவும் இரண்டை அழுத்தவும்னு அழுத்திக்கிட்டே இருந்தா என் கண்ணு காத்துக்கிட்டு இருக்குமா?

"பயப்படாதக்கா, ஒரு கோடு இருந்தாப் போதும், ரிங் வந்துடும்"னான் தம்பி. நானும் நம்பினேன். போன உப்பு ஜாடியில சாய்ச்சு வச்சுட்டு, பக்கத்துலயே நாற்காலி போட்டு உக்காந்துட்டேன். பகல்ல ஃப்ரிட்ஜத் திறக்கறதே இல்ல. பாலு வெளியவே இருந்து திரிஞ்சு போகும், போகட்டும்னு விட்டுடுவேன்.

ஒருநாள் சாயங்காலம் ரொட்டி வாங்க மேல ஏறினேன். போனும் கையில இருந்துச்சு. பஸ் ஸ்டாப் வந்ததும் டிங், டிங், டிங்னு மெசேஜா கொட்டுச்சு. இருந்த மங்கலுல எனக்கு எழுத்துத் தெரியல. பஸ்ஸுக்கு நின்ன ஒரு பொண்ணுகிட்ட நீட்டினேன். "அக்கா, ஆஸ்பத்திரியிலேர்ந்து நாலு தடவை கூப்பிட்டிருக்காங்க. மத்தியானத்துலேர்ந்து"ன்னா.

அங்கயே நின்னு கூப்பிட்டேன். அதே நர்ஸம்மா. "எங்கம்மா போயிட்டீங்க? எல்லையத் தாண்டி இருக்கீங்கன்னே வந்துச்சு. தம்பி நம்பரும் போகல. அடுத்தவங்க வந்துட்டாங்க, தியேட்டருக்குள்ள இருக்காங்க." அவங்களுக்கே சொல்ல மனசு வரல, குரல்ல தெரிஞ்சுச்சு. "யாரோ ஒருத்தருக்குக் கிடைச்சதேன்னு நினைச்சுக்கோங்கம்மா."

அப்படி நினைக்கணும்னு எனக்கும் தெரியும். நினைக்க முடியல. அடப்பாவி, நான் எங்கயும் போகலயே, அந்த நாற்காலியிலதானே உக்காந்திருந்தேன்னு நடுரோட்டுல நின்னு அழுதேன். ரொட்டி வாங்கவும் மறந்துட்டேன்.

மறுநாள்லேர்ந்து எனக்குப் பகல் வீடு அந்த பஸ் ஸ்டாப்தான். ஒரு குடை, ஒரு தண்ணி பாட்டில், போன். காலையில தம்பி வேலைக்குப் போகும்போது கூடவே ஏறுவேன், அவன் திரும்பி வந்ததும் இறங்குவேன். எந்த பஸ்ஸும் ஏறாம பெஞ்சத் தேய்க்கற பொம்பளையப் பார்த்து கண்டக்டர்கள் எல்லாம் பழக்கமாயிட்டாங்க. "இன்னிக்காவது ஏறுவீங்களா?"ன்னு ஒருத்தர் கேப்பாரு. "பஸ் வேண்டாம், கண்ணுதான் வரணும்"பேன். அவருக்குப் புரியாது, சிரிச்சுட்டு விசில் ஊதுவாரு. மருந்துக்கடைக்காரர் ஆர்டர் சொல்ல வரும்போது பக்கத்துல உக்காருவாரு. ஒருநாள் ஆத்திரத்துல, "இனிமே டவர் வந்து என்னத்துக்கு? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா?"ன்னுட்டு, சொன்னது யார்கிட்டன்னு உறைச்சதும் நாக்கக் கடிச்சுக்கிட்டாரு. நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். அதுக்கப்புறம்தான் அவருக்கு மூச்சே வந்துச்சு.

அந்த வாரத்துல ஒருநாள் தம்பி வேலை முடிஞ்சு வந்தவன், வீட்டுக்கு இறங்காம பெஞ்சுல என் பக்கத்துல உக்காந்தான். முகம் செத்துப்போய் இருந்துச்சு.

"நம்ம புகார் என்ன ஆச்சுன்னு மேடம்கிட்டக் கேட்டேன்க்கா. எப்பவோ மூடியாச்சாம்."

மேடம்னா அவனுக்கு மேல இருக்கற அம்மா. "மூடியாச்சா? எவன்டா மூடினவன்? யாரு வந்து பார்த்தாங்க?"

"யாரும் வரல. கால்பேக்னு ஒண்ணு உண்டு. புகார் குடுத்தவங்களத் திருப்பிக் கூப்பிட்டு விவரம் கேக்கணும். அவங்க கிடைச்சாத்தான் இன்ஜினியருக்குப் போகும். மூணு தடவை கூப்பிட்டும் கிடைக்கலைன்னா, 'வாடிக்கையாளரைத் தொடர்புகொள்ள முடியவில்லை'ன்னு போட்டு மூடிடணும்."

எனக்கு ஒரு நிமிஷம் ஓடல. அப்புறம் புரிஞ்சுது. "டேய், சிக்னல் இல்லைன்னு சொன்னவங்களுக்கு, அந்த சிக்னல் இல்லாத நம்பருக்கேவாடா கூப்பிடுவீங்க?"

"ஆமாக்கா."

"எடுக்கலைன்னா பிரச்சினை தீர்ந்துச்சுன்னு அர்த்தமா? எந்த மகராசன்டா இதக் கண்டுபிடிச்சது? நம்மளோடத மூடினது எவன்?"

அவன் ரோட்டப் பார்த்துக்கிட்டே சொன்னான். "நான்தான்."

திரையில பேரும் நம்பரும் தெரியாதாம், நட்சத்திரமா இருக்குமாம். மெஷினே டயல் பண்ணுமாம். மூணு தடவை "எல்லைக்கு அப்பால்"னு வந்திருக்கு, ஆயிரத்துல ஒண்ணுன்னு இவன் கை மூடிடுச்சு. ஃப்ரிட்ஜ் மேல இருக்கற அக்கா போனத்தான் கூப்பிடறோம்னு அவனுக்கு எப்படித் தெரியும்? "எத்தனை வருஷமா மூடறேன்க்கா. ஒருநாள்கூட எனக்கு இது தோணலையே"ன்னான்.

கதவுகிட்ட சாரி சொல்றவன், அன்னிக்கு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. எனக்கு வந்த கோபத்துக்கு அவன அந்த பெஞ்சோட சேர்த்துத் தூக்கிப் போட்டிருப்பேன். வீடு வரைக்கும் நான் முன்னாடி, அவன் பின்னாடி நடந்தோம். சாப்பிட உக்காந்தவன் தட்டுல கைய வச்சுக்கிட்டே இருந்தான். பார்க்கச் சகிக்கல. "கண்ணக் குத்திடுச்சுன்னு கைய வெட்டியா போட முடியும்? சாப்பிட்டுத் தொலை"ன்னேன். சாப்பிட்டான். ஆனா நிமிர்ந்து பார்க்கல.

மறுநாள்லேர்ந்து என் தம்பி சிக்னல் இல்லைன்னு வந்த ஒரு புகாரையும் மூடல. மூடலைன்னா அது அவன் திரையில சிவப்பா நிக்குமாம். நின்னுச்சு. கொஞ்ச நாள்ல திரை பூரா சிவப்பு. மேடம் கூப்பிட்டு அனுப்பினாங்க. என் தம்பி வாழ்க்கையிலயே முதல் தடவையா, திட்டு வாங்கும்போது சாரி சொல்லாம நின்னிருக்கான்.

"மேடம், நாளைக்கு நான் லீவு. என் நம்பர்லேர்ந்து ஒரு புகார் பதிவு பண்றேன். வீட்டுலயே இருப்பேன். நீங்களே கால்பேக் பண்ணுங்க. அவ்வளவுதான் கேக்கறேன்."

பண்ணினான். நாங்க ரெண்டு பேரும் ஃப்ரிட்ஜ் முன்னாடி கையக் கட்டிக்கிட்டு நின்னோம். போன் ஊமையா நின்னுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு அவன் போனத் தூக்கிக்கிட்டுச் சரிவுல ஓடினான், நான் பின்னாடியே மூச்சு வாங்க ஏறினேன். பஸ் ஸ்டாப்புலேர்ந்து கூப்பிட்டு ஸ்பீக்கர்ல போட்டான்.

"மேடம், கூப்பிட்டீங்களா?"

"மூணு தடவை கூப்பிட்டேன்பா. போகல."

"புகார் திறந்திருக்கா மேடம்?"

அந்தப் பக்கம் கீபோர்டத் தட்டற சத்தம். அப்புறம் மெதுவா, "மூடிட்டேன்பா"ன்னாங்க. "வேணும்னு பண்ணல. கை பாட்டுக்கு மூடிடுச்சு."

அந்த அம்மா நல்லவங்கதான். ஒரு வாரத்துக்குள்ள ஒரு இன்ஜினியரக் கூட்டிக்கிட்டு எங்க தெருவுக்கே வந்துட்டாங்க. அவரு கையில ஒரு மீட்டர். தண்ணித் தொட்டிக்கும் கோடவுனுக்கும் நடுவுல நடந்து நடந்து பார்த்தாரு. தெருவே கூடிடுச்சு. மருந்துக்கடைக்காரர் முழுக்கைச் சட்டைய மடிச்சு விட்டுக்கிட்டு வந்தாரு. இன்னிக்கு இந்தம்மாவ நார் நாராக் கிழிக்கப்போறாருன்னு எனக்கே பாவமாப்போச்சு.

மேடம் வருந்துகிறோம்னு ஆரம்பிக்கல. "இங்க சிக்னல் இல்ல. உங்க போன்ல கோளாறு இல்ல, எங்க மேலதான் தப்பு"ன்னாங்க. "ஒரு சின்னப் பெட்டி வைக்கணும், அதுக்கு ஒரு மாடி வேணும். ரெண்டு மாசம் ஆகலாம், மூணும் ஆகலாம். நாளைக்கே வரும்னு பொய் சொல்லமாட்டேன். அதுவரைக்கும் உங்க யார்கிட்டயும் மாசப் பணம் வாங்கமாட்டோம். மூடின புகாரையெல்லாம் திரும்பத் திறந்தாச்சு. இனிமே கால்பேக் பண்றதுக்கு முன்னாடி, நீங்க எப்ப, எந்த இடத்துல இருந்தா கிடைப்பீங்கன்னு கேட்டுக்கிட்டுத்தான் பண்ணுவோம்."

மருந்துக்கடைக்காரர் மடிச்ச சட்டைக் கைய இறக்கி விட்டுக்கிட்டாரு. "அட என்னம்மா நீங்க, இத முதல்லயே சொல்லியிருந்தா நான் ஏன் கத்தப்போறேன்? என் மாடியில வைங்க பெட்டிய"ன்னாரு.

நான் ஓரமா நின்னு கேட்டுக்கிட்டு இருந்தேன். இவ்வளவு நாளா புகார் குடுத்தது, கிணத்துல கல்லப் போட்ட மாதிரி இருந்துச்சு. தப்பு எங்களோடதுன்னு ஒருத்தர் நேர்ல வந்து சொன்னதுமே, பெட்டி வர்றதுக்கு முன்னாடியே, தெருவுல பாதிக் கோபம் இறங்கிப்போச்சு. எனக்கு இறங்கல. எனக்குக் கண்ணு வரணும். நான் மறுநாளும் குடையத் தூக்கிக்கிட்டு பஸ் ஸ்டாப்புக்குப் போனேன்.

மழைக்காலம் முடியறப்பதான் பெட்டி வந்துச்சு. மருந்துக்கடை மாடியில, ஒரு கைக்குழந்தை அளவுக்கு. இதுக்காகவா இத்தனை பாடுன்னு இருந்துச்சு. அன்னிக்கு நான் வீட்டுல, அடுப்படியில நின்னேன். போன் உப்பு ஜாடியிலகூட இல்ல, சும்மா மேசை மேல கிடந்துச்சு. அடிச்சுது.

"வணக்கம் மேடம். உங்கள் பகுதி சிக்னல் புகார் தொடர்பாக அழைக்கிறோம்."

"டேய், நான்தான்டா!"

"தெரியுது மேடம்." பேசறதெல்லாம் பதிவாகும் இல்ல, அதான் மேடம். "இப்போது சிக்னல் வருகிறதா மேடம்?"

"வருது. ஃப்ரிட்ஜத் திறந்து வச்சுக்கிட்டுத்தான் பேசறேன், கட் ஆகல."

"ரொம்ப சந்தோஷம் மேடம். இதுவரைக்கும் ஏற்பட்ட சிரமத்திற்கு..."

நின்னுட்டான். நான் காத்துக்கிட்டு இருந்தேன். ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்ற வாக்கியம் அவனுக்கு, தூக்கத்துல எழுப்பினாலும் சொல்லுவான். பாதியில நின்னுடுச்சு. மூக்க உறிஞ்சற சத்தம் கேட்டுச்சு. பக்கத்து சீட்டுல யாரோ என்னாச்சுன்னு கேட்டதும் கேட்டுச்சு.

"விடுடா தம்பி"ன்னேன். "நான் அத எப்பவோ விட்டாச்சு."

தொண்டையக் கனைச்சுக்கிட்டான். "அப்போ புகாரை மூடலாமா மேடம்?"

"மூடாத."

"மேடம்?"

"இந்த போன்ல யாரு கூப்பிடணுமோ அவங்க கூப்பிட்டு, எனக்குக் கண்ணு தெரியற வரைக்கும் அத மூடாத. யாரு கேட்டாலும் வாடிக்கையாளர் ஒத்துக்கலைன்னு சொல்லு."

"சரிங்க மேடம். திறந்தே இருக்கும்"னான்.

அது நடந்து ரொம்ப நாள் கழிச்சு, ஒரு காலை வேளை. துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தேன். போன் அடிச்சுது, முதல் மணியிலயே எடுத்தேன். நர்ஸம்மா, "அப்பாடா, கிடைச்சீங்களே"ன்னாங்க. ஈரத்துணிய அப்படியே பக்கெட்டுல போட்டுட்டு ஓடினேன். மருந்துக்கடைக்காரர் கடைய இழுத்துப் பூட்டிட்டுத் தன் ஸ்கூட்டர்ல கொண்டு போய் விட்டாரு. அன்னிக்கு யார் வீட்டுலயோ அழுதுக்கிட்டு இருந்திருப்பாங்க. அழுதுக்கிட்டேதான் எனக்குக் குடுக்கச் சொல்லியிருப்பாங்க. அவங்க யாருன்னு எனக்குத் தெரியாது. ஆனா கட்டுப் பிரிச்ச அன்னிக்கு நான் மனசுக்குள்ள அவங்களத்தான் முதல்ல கும்பிட்டேன்.

பார்வை ஒரே நாள்ல வந்துடல. கொஞ்சம் கொஞ்சமா, பனி விலகற மாதிரி. தையல் எடுத்து, கண்ணாடி போட்டு, வண்டி ஓட்டலாம்னு டாக்டர் கையெழுத்துப் போட மாசக்கணக்காச்சு. தம்பிகிட்ட மட்டும் கையெழுத்துப் போட்டத நான் சொல்லல. நேரா டிரைவிங் ஸ்கூலுக்குப் போனேன். முதலாளி சாவியக் குடுத்தாரு.

தம்பி ஆபீஸ் வாசல்ல வண்டிய நிறுத்தினேன். நான் வந்திருக்கேன்னு எப்படிச் சொல்றது? அவன் போன்தான் பெட்டிக்குள்ள தூங்குதே! விட்டேன் பாருங்க ஹாரன். ஊரே திரும்பிப் பார்க்கற மாதிரி. வாட்ச்மேன் கையாட்டிக்கிட்டு ஓடி வந்தாரு. அவருக்குப் பின்னாடி ஆபீஸ் ஜன்னல்ல வரிசையாத் தலைங்க. கடைசியில என் தம்பி, யார் என்னன்னு பார்க்காமயே, "சாரி சார், சாரி, என்னாச்சு?"ன்னு கும்பிட்டுக்கிட்டே படியில இறங்கி வந்தான்.

ஸ்டியரிங்குக்குப் பின்னாடி யாருன்னு பார்த்ததும் அப்படியே நின்னுட்டான். அந்த நேரத்துல நான் அவன் முகத்தப் பார்த்தேன். காது பக்கத்துல ஹெட்போன் அழுத்தின தழும்பு. மீசையில ஒரு நரை. இது எப்ப வந்துச்சுன்னே எனக்குத் தெரியாது.

"அக்கா... நீயா ஓட்டிக்கிட்டு வந்த?"

"பின்ன, உன்ன நம்பியா வர முடியும்?"

அவன் கதவத் திறக்கக் கை நீட்டினான். நான் உள்பக்கமாப் பூட்டிட்டேன்.

"ஏறாத. உள்ள போய் அந்தப் புகார மூடிட்டு வா. நான் இங்கதான் இருப்பேன்."

அவன் திரும்பிப் படியில ஓடினான். நான் இன்ஜின அணைக்காம உக்காந்திருந்தேன்.